குஞ்சியப்பாவின் படங்கு

குஞ்சியப்பாவிடம் ஒரு பச்சைப் படங்கு இருந்தது. நெல் காயவிடவும் மழைக்கு வைக்கோலை மூடவும் என்று வாங்கியது. பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் மட்டும் அது எங்களுடையது. சைக்கிள் கரியரில் அதைச் சுருட்டிக் கட்டி, மேலே கேத்திலையும் அரிக்கன் லாம்பையும் தொங்கவிட்டு, என்னைப் பாரில் ஏற்றிக்கொண்டு அவர் இரணைமடுக் குளக்கட்டால் மிதிக்கத் தொடங்கினால், உமியும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு மணம் கூடவே வரும். இன்றைக்கும் எங்காவது மண்ணெண்ணெய் மணந்தால் எனக்கு அடுப்பு ஞாபகம் வராது, குளம்தான் வரும்.

இரணை என்றால் இரட்டை. இரண்டு மடுக்கள் சேர்ந்த குளம் என்பதால் அந்தப் பெயர் என்று மிதித்தபடியே சொல்லுவார். ஆனி மாதத்தில் தண்ணீர் வற்றி உள்ளே போய்விடும். அலைகரை நெடுக வெடித்த சேறு. மிஞ்சிய தண்ணீரில் மீன் நெருங்கிவிடுவதால் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நீர்க்காகமும் கலியாணவீட்டுப் பந்தியில்போல வரிசையாக நிற்கும்.

பாலை மரத்தின் கீழே படங்கை விரிப்போம். மஞ்சளாக, சின்னதாக, தேனாய் இனிக்கும் பாலைப்பழம் பொழுதுக்கும் விழுந்துகொண்டிருக்கும். பத்துப் பழம் தின்றதும் அதன் பால் பிசின்போல உதட்டை ஒட்டிவிடும். நான் வாய் திறக்கமுடியாமல் முழிக்க, "இப்பதான் நீ குருவி பார்க்கச் சரியான ஆள்" என்பார். கரடிக்கும் அந்தப் பழம் என்றால் உயிர். அதனால் இரவு முழுக்க வீரைக் கட்டை எரியும். உப்பும் தூளும் தடவிச் சுட்ட யப்பான் மீனைத் தின்று, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்து, மல்லாந்து படுத்தால், இருட்டுக்குள் ஏதோ ஒன்று வீரிடும்.

"உது என்ன குஞ்சியப்பா?"

"ஆள்காட்டி மோனை. நாங்கள் வந்திருக்கிறம் எண்டு காடு முழுக்கச் சொல்லுறார். நீ படு."

குளம் வான் பாய்ந்தால் அந்தத் தண்ணி எங்கே போகும் என்று ஒருநாள் கேட்டேன். பதில் சொல்லவில்லை, அடுத்த தை மாதம் சுண்டிக்குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்பி, மிஞ்சியதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தக் களப்பில்தான். பரந்தனில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பி, தருமபுரம் போய், பிறகு மணல் பாதை. சைக்கிள் எங்களைச் சுமந்ததைவிட நாங்கள் அதை உருட்டியதுதான் கூட.

களப்பின் நடுவே நீளமாய், இளஞ்சிவப்பாய் ஒரு கோடு. ஆரோ சீலை காயப்போட்டிருக்கினம் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போகப் போகச் சீலைக்குக் கால் முளைத்தது. பூநாரைகள்! முழங்கால் தண்ணீரில் தலையைக் கவிழ்த்து, சொண்டைத் தலைகீழாக வைத்துச் சேற்றை அரித்து அரித்துத் தின்றன. வாத்துக் கூட்டம்போல ஓயாத முணுமுணுப்பு வேறு. பறந்தால் செட்டையில் கறுப்பும் சிவப்பும் தெரியும் என்று அவர் சொன்னதுதான் தாமதம், நான் எழும்பிக் கைதட்டிவிட்டேன்.

முழுக் கூட்டமும் கிளம்பியது. களப்பே எழும்பிப் போனதுபோல இருந்தது. துள்ளிக்கொண்டு குஞ்சியப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏசவில்லை. "அதுகள் சாப்பிட்டுக்கொண்டு இருந்ததுகள் மோனை" என்றார், அவ்வளவுதான். சாப்பாட்டில் இருக்கிற ஆளை எழுப்பக்கூடாது என்று அம்மாச்சி ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறா. அது பறவைக்கும் பொருந்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது. படங்கில் அசையாமல் இருந்தோம். வெயில் ஏறிய பிறகு இரண்டும் மூன்றுமாக வந்து இறங்கின, எங்களுக்கு எட்டாத அந்தக் கரையில்.

பிறகு வந்த இடப்பெயர்வுகளில் அதே படங்கு எங்களுக்குக் கூரையானது. மழை இரவுகளில் அதன் மடிப்புகளில் மூக்கை வைத்து உமி மணத்தைத் தேடியிருக்கிறேன், கிடைத்தது. கடைசியில் எந்த ஊரில் அதை விட்டு வந்தோம் என்று வீட்டில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

1938 இலேயே பறவைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளம், 2015 இல் தேசியப் பூங்காவானது. தை மாதத்தில் விடியப்புறம் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் அதுகள் தின்று முடியும்வரை தள்ளியே இருங்கள்.