உப்பில்லாத கடலில் மீன் வேட்டை

ஏரி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஊர்க்கோடியில் இருக்கும் மதகும், அல்லிக் கொடியும், துணி துவைக்கும் கல்லுந்தான். அந்த நினைப்போடு அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரையில் போய் நின்றால் திகைத்துப் போவோம். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. அலை வந்து மணலில் மோதும். கலங்கரை விளக்கம் நிற்கும். கடல்தான் என்று சத்தியம் செய்யலாம் போலிருக்கும். ஆனால் காற்றில் உப்பு வாசனை மட்டும் கிடையாது. அத்தனையும் நல்ல தண்ணீர்!

இந்த ஏரியின் நீளம் 307 மைல். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். மிக ஆழமான இடத்தில் 923 அடி. நம் தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேலான இடத்தை இந்த ஒரே ஏரி அடைத்துக் கொண்டிருக்கிறது.

ஏரியின் கிழக்குக் கரையில் லடிங்டன் என்று ஓர் ஊர். அங்கிருந்து 'பாட்ஜர்' என்ற நீராவிக் கப்பல், மோட்டார் கார்களையும் மனிதர்களையும் ஏற்றிக் கொண்டு 60 மைல் தள்ளியுள்ள எதிர்க்கரைக்கு நாலு மணி நேரத்தில் போய்ச் சேருகிறது. 1953-லிருந்து ஓடும் கப்பல் இது. கப்பலைப் பார்க்க வருகிறவர்கள் பாதி என்றால், மீன் பிடிக்க வருகிறவர்கள் பாதி. 2021 ஆகஸ்டில் இந்த ஊருக்கு எதிரே 19 வயது இளைஞர் ஒருவர் 47.86 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 22 கிலோ எடையுள்ள சால்மன் மீனைப் பிடித்தார். மிச்சிகன் மாநிலத்தில் 1978 முதல் நின்றிருந்த சாதனை அன்று முறிந்தது.

நானும் ஓர் ஆகஸ்டு மாதத்தில் அங்கே போயிருந்தேன். வாடகைக்கு மீன்பிடி படகு ஓட்டும் ஒரு குடும்பத்தோடு ஒரு நாள் ஏரியில் கழித்தேன். கணவர்தான் காப்டன். மனைவி தூண்டில்களுக்குப் பொறுப்பு. அந்தக் கோடையில் கல்லூரிப் படிப்பை முடித்து வந்திருந்த மகள் எல்லாவற்றுக்கும் பொறுப்பு!

வரவழைக்கப்பட்ட விருந்தாளி

இந்த ஏரியில் சால்மன் இருப்பதே ஓர் ஆச்சரியம். அது பசிபிக் சமுத்திரத்து மீன். இங்கே ஆதியில் ராஜ்யம் செய்தது ஏரி டிரவுட் என்ற மீன். கப்பல்கள் நயாகரா நீர்வீழ்ச்சியைச் சுற்றிக் கொண்டு போவதற்காக வெட்டிய கால்வாய் வழியே, லாம்ப்ரே என்ற விலாங்கு போன்ற ஒட்டுண்ணி உள்ளே புகுந்தது. 1936-ல் மிச்சிகன் ஏரிக்கே வந்து விட்டது. வட்டமான வாயால் மீனின் உடம்பைக் கவ்விக் கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் பிராணி அது. இருபதே வருஷத்தில் டிரவுட் அடியோடு போயிற்று.

தின்பதற்குப் பெரிய மீன் இல்லாமற் போகவே, நம் மத்தி மீனுக்கு உறவான ஏல்வைஃப் என்ற சிறு மீன் கணக்கில்லாமல் பெருகியது. 1967-ம் வருஷம் அவை கூட்டம் கூட்டமாகச் செத்துக் கரை ஒதுங்கின. மணலில் கால் வைக்க இடமில்லை. ஊரே மூக்கைப் பொத்திக் கொண்டது. மண்வாரி யந்திரங்களைக் கொண்டு வந்து மீனை வாரிக் கொட்டினார்களாம்.

இதற்குள் மாநிலத்தின் மீன்வள அதிகாரி ஹோவர்ட் டானர் ஒரு யோசனை செய்திருந்தார். சிறு மீன் பெருகினால் அதைத் தின்னும் பெரிய மீனைக் கொண்டு வந்து விடுவோமே என்பதுதான் யோசனை. ஆரிகன் மாநிலத்திலிருந்து முட்டைகள் வந்தன. 1966-ல் கோஹோ என்ற சால்மன் குஞ்சுகளையும், 1967-ல் ஷினூக் என்ற இன்னும் பெரிய ஜாதிக் குஞ்சுகளையும் ஆறுகளில் விட்டார்கள். பந்தி நிறையப் பரிமாறியிருக்க, விருந்தாளி சும்மா இருப்பாரா? தின்று கொழுத்தார். மனிதர்கள் தூண்டிலோடு ஓடி வந்தார்கள்.

படகுக்கு அலங்காரம்

கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிற கதை இங்கே நடக்காது. ஷினூக் நடு ஏரியில், ஆழத்தில், ஓயாமல் திரிகிற மீன். ஆகவே ஓடும் படகின் பின்னால் தூண்டில்களை இழுத்துக் கொண்டே அதைத் தேடிப் போக வேண்டும். டிரோலிங் என்று இதற்குப் பெயர். வேகம் மணிக்கு இரண்டு, இரண்டரை மைல். மாலையில் கடற்கரையில் காற்று வாங்க நடக்கிற வேகந்தான்.

"மீனைத் தேடாதீர்கள், குளிர்ச்சியைத் தேடுங்கள்" என்றார் காப்டன். கோடையில் ஏரியின் மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். கீழே இறங்க இறங்க, ஓரிடத்தில் சட்டென்று குளிர்ந்து விடும். ஷினூக்குக்குப் பிடித்தது 11, 12 டிகிரி சென்டிகிரேட் தண்ணீர். அந்த அடுக்கு இன்றைக்கு 60 அடியில் இருக்கும். நாளைக்கு 100 அடியில் இருக்கும். கரையிலிருந்து ஏரியை நோக்கிக் காற்று அடித்தால் மேலேயுள்ள சூடான நீர் விலகிக் குளிர்ந்த நீர் மேலே வரும். வெந்நீர் அண்டாவில் கைவிட்டுப் பார்ப்பது போல, ஒரு கருவியை ஆழத்தில் இறக்கி அவர்கள் சூடு பார்க்கிறார்கள்.

மெல்லிய தூண்டில் நரம்பை அவ்வளவு ஆழத்துக்கு இறக்குவது எப்படி? இதற்குத்தான் 'டவுன்ரிகர்' என்ற சாதனம். படகின் பின்பக்கம் சிறு இராட்டினம் ஒன்று. அதில் உலோகக் கம்பி. கம்பியின் நுனியில் 10, 12 பவுண்டு எடையில் பீரங்கிக் குண்டு போன்ற ஈயக் குண்டு. தூண்டில் நரம்பைக் குண்டுக்கு அருகில் ஒரு கிளிப்பில் மாட்டி, இராட்டினத்தைச் சுற்றி வேண்டிய அடிக்கு இறக்குகிறார்கள். மேலே தூண்டில் கோல் வில் மாதிரி வளைந்து நிற்கும். மீன் கடித்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபட்டு விடும். குண்டு தன் பாட்டில் தொங்கும். மீனுக்கும் மனிதனுக்கும் நடுவே வெறும் நரம்புதான்.

இது நடுவரிசை. இரு பக்கமும் வட்டத் தகடு கட்டிய தூண்டில்கள் உண்டு. படகு இழுக்க இழுக்க, அந்தத் தகடு கீழேயும் பக்கவாட்டிலும் விலகிப் போகும். அதற்கும் அப்பால் சிறு பலகைகள் மிதந்து, மேல்மட்டத் தூண்டில்களைப் படகை விட்டுத் தள்ளிக் கொண்டு போகும். ஒரு ரீலில் ஈயம் உள்ளே வைத்து நெய்த நூல் இருந்தது. ஒவ்வொரு 10 கஜத்துக்கும் ஒரு நிறம்! "இன்றைக்கு ஐந்து நிறம் விடு" என்று தாயார் சொன்னால், மகள் 50 கஜம் விடுகிறாள். புடவைக் கடையில் நிற்பது போலிருந்தது எனக்கு.

அந்த மாநிலத்தில் ஆளுக்கு மூன்று தூண்டில் வரை போடலாம். அன்று உரிமம் வைத்திருந்தவர்கள் நாங்கள் மூன்று பெண்கள். ஆக, ஒன்பது தூண்டில்கள்! அத்தனை நரம்பும் ஒன்றோடொன்று சிக்காமலிருப்பதுதான் சாமர்த்தியம். சடை பின்னுகிறவளுக்கு எந்தக் கால் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிவது போல, அந்த அம்மையாருக்கு ஒவ்வொரு நரம்பும் எத்தனை அடியில் போகிறது என்று தெரிந்திருந்தது. படகைத் திருப்பும்போதும் ஒரு பெரிய வளைவாகத்தான் திருப்புகிறார்கள். அவசரப்பட்டுத் திருப்பினால் ஒன்பதும் ஒரே ஜடை!

கோல் நிமிர்ந்தது!

விடிவதற்கு ஒன்றரை மணிக்கு முன்பே புறப்பட்டோம். புறப்படுமுன் அம்மையார் எல்லோருக்கும் உயிர் காக்கும் சட்டையை மாட்டி, பட்டியைத் தானே இழுத்துப் பார்த்தார். 1967 செப்டம்பர் 23-ம் தேதி நடந்ததை அந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. புதிதாக வந்த சால்மன் மீது கொண்ட மோகத்தில், எச்சரிக்கை இருந்தும் சிறு சிறு படகுகளில் நூற்றுக்கணக்கானவர்கள் வடக்கே பிளாட் விரிகுடாவுக்குப் போயிருந்தார்கள். புயல் எழுந்தது. ஏழு பேர் உயிரிழந்தார்கள். "நல்ல தண்ணீர்தானே என்று நினைக்கக் கூடாது. இதன் அலை குட்டையானது, செங்குத்தானது. மூச்சு விட நேரம் கொடுக்காது" என்றார் அம்மையார்.

இருட்டில் மகள், கரண்டிக் குழி போன்ற உலோக இரைகளை எடுத்து டார்ச் விளக்கொளியில் காட்டினாள். ஒளியை வாங்கிக் கொண்டு அவை மின்மினிப் பூச்சி போல் பச்சையாக மினுங்கின. ஒவ்வொன்றாக இறக்கினார்கள். கிழக்கு வெளுத்தது. தேநீர் ஆறிக் கொண்டிருந்தது.

திடீரென்று வளைந்திருந்த கோல்களில் ஒன்று படக்கென்று நிமிர்ந்தது. அடுத்த கணம் தலைகீழாகத் தண்ணீரை நோக்கிக் குனிந்தது. ரீல் வீரிட்டது. "எடுங்கள்!" என்று என் கையில் கோலைத் திணித்தாள் அந்தப் பெண்.

பிடிவாதக்காரக் குழந்தையைப் பந்தியிலிருந்து இழுத்து வந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் பத்து கஜம் சுற்றினால், அது இருபது கஜம் பறித்துக் கொண்டது. அருகே வந்து படகைக் கண்டதும் மறுபடியும் ஆழத்துக்குப் பாய்ந்தது. இதற்குள் மகள் பக்கத்துத் தூண்டில்களைச் சுற்றி எடுத்து வழி செய்தாள். காப்டன் படகை நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் நரம்பு தொய்ந்து, முள் கழன்று விடுமாம். கால் மணி நேரத்துக்குப் பிறகு, முதுகில் கரும்புள்ளியும் விலாவில் வெள்ளியுமாக அது மேலே வந்தது. அம்மையார் நீண்ட கைவலையால் ஒரே வீச்சில் அள்ளிப் போட்டார். 22 பவுண்டு. பத்து கிலோ!

வயிற்றுக்குள் ஒரு ஜோசியம்

கரை திரும்பியதும் மீனைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார்கள். அம்மையார் முதலில் செய்த காரியம் எனக்கு விசித்திரமாகப் பட்டது. இரைப்பையைத் தனியாக எடுத்துக் கீறி, உள்ளே இருந்த சின்ன மீன்களை வரிசையாக வைத்தார். மகள் அவற்றை எண்ணி நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். "ஆறு ஏல்வைஃப், அம்மா. இரண்டு ரொம்பச் சின்னது."

"சின்னது இருந்தால் நல்லது கண்ணு. இந்த வருஷம் குஞ்சு பொரித்திருக்கிறது என்று அர்த்தம்."

எதற்கு இந்தக் கணக்கு என்று கேட்டேன். அம்மையார் கத்தியைக் கீழே வைத்தார்.

இந்தக் குடும்பம் லடிங்டனுக்கு வந்து குடியேறியது. முன்பு பக்கத்து ஏரியான ஹியூரான் கரையில் ஒரு சிறு துறையில் படகு வைத்திருந்தார்கள். கப்பல்களின் அடித்தொட்டித் தண்ணீரோடு குவாகா என்ற வெளிநாட்டு மட்டி இந்த ஏரிகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. அது தண்ணீரிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்றது. அவை குறைந்ததால் ஏல்வைஃப் பட்டினி கிடந்தது. போதாக்குறைக்குப் பசித்த சால்மன் வேறு துரத்தியது. 2004-க்குள் ஹியூரானில் ஏல்வைஃப் ஏறக்குறைய மறைந்து போயிற்று. அதன் பின்னாலேயே ஷினூக்கும் போயிற்று.

"கடைசியில் பிடித்த மீன்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. தலை மட்டும் பெரிது. உடம்பு கத்தி மாதிரி. வயிற்றில் ஒன்றும் இருக்காது. அதற்கடுத்த வருஷம் விருந்தினர் வரவில்லை. இரை விற்கிற கடை மூடினார்கள், பிறகு விடுதி மூடினார்கள். நாங்கள் வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தோம்" என்றார் அம்மையார்.

ஒரு காலத்தில் நாற்றம் தாங்காமல் மண்வாரியால் வாரிக் கொட்டிய அதே சின்ன மீனைத்தான், இன்று இந்தத் தாயார் ஒன்று இரண்டென்று எண்ணுகிறார்!

மிச்சிகன் ஏரியிலும் குவாகா இருக்கிறது. இங்கேயும் அந்தக் கதி வரக்கூடாது என்று, 2013-ல் ஏரியைச் சுற்றியுள்ள மாநிலங்கள் ஷினூக் குஞ்சு விடுவதைப் பாதியாகக் குறைத்தன. பந்தியில் சோறு குறைந்தால் இலையைக் குறைப்பதுதானே முறை? மீன் பிடித்துப் பிழைக்கிறவர்களிலேயே பலர், மீனைக் குறைத்து விடுங்கள் என்று ஒத்துக் கொண்டார்களாம்.

ஹியூரானில் இன்னொரு விந்தையும் நடந்தது. ஏல்வைஃபைத் தின்னும் மீனின் உடம்பில் வைட்டமின் பி-1 அழிந்து விடுகிறது. அதனால் அதன் குஞ்சுகள் பிழைப்பதில்லை. ஏல்வைஃப் போனதும், பூர்வீகக் குடியான டிரவுட் அங்கே தானாகவே குஞ்சு பொரித்துப் பெருகத் தொடங்கியது. ஒருவருக்கு நஷ்டம், இன்னொருவருக்கு மறுவாழ்வு!

மகள் அடுத்த வருஷம் கடலோரக் காவல் படையின் காப்டன் உரிமத்துக்குப் பரீட்சை எழுதப் போகிறாள். தகப்பனாருக்கு ஒரே பெருமை. தாயாருக்குத்தான் தயக்கம். "வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சால்மனை மட்டும் நம்பாதே, அடியிலே போய் டிரவுட் பிடிக்கவும் கற்றுக் கொள் என்கிறேன்" என்றார். அந்தப் பெண் சிரித்துக் கொண்டே, "அதற்காகத்தானே அம்மா இந்த நோட்டுப் புத்தகம்" என்றாள்.

சமையல் குறிப்பு இல்லாமல் முடித்தால் வாசகிகள் என்னை மன்னிக்க மாட்டார்கள். இவ்வளவு பெரிய மீனின் கொழுப்பில், பழைய தொழிற்சாலைக் கழிவின் நஞ்சுகள் இன்னமும் கொஞ்சம் தங்கியிருக்கின்றன. ஆகவே தோலையும், வயிற்றோரக் கொழுப்பையும், முதுகோரக் கொழுப்பையும் சீவி எறிந்து விடுகிறார்கள். பிறகு கம்பித் தட்டில் வைத்து, மிச்சக் கொழுப்பும் சொட்டி வடியும்படி வாட்டுகிறார்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் எவ்வளவு சாப்பிடலாம் என்று மாநிலச் சுகாதார இலாகா ஒரு குறிப்பே வெளியிடுகிறது. அந்தக் குறிப்பு அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது.

எலுமிச்சம்பழம் பிழிந்து, மிளகுத்தூள் தூவி ஒரு துண்டு கொடுத்தார்கள். செக்கச்செவேலென்று, வாயில் வைத்ததும் உதிர்ந்தது. எனக்கு இரண்டாவது துண்டு கேட்கலாமா என்று ஆசை. ஆனால் அந்த வீட்டில் எதையும் அளவோடுதான் எடுக்கிறார்கள். அதனால் நானும் ஒன்றோடு எழுந்து விட்டேன்.