எமது கலாசாலையும் அதன் நூலகமும்

பருத்தித்துறைக் கடலோரத்தில் விளங்கும் எமது ஹாட்லிக் கல்லூரியைப் பற்றிப் பேசப் புகுவோர், அதன் கட்டடங்களையும் ஆய்வுகூடங்களையும் விளையாட்டு மைதானத்தையுமே முதற்கண் கூறுவர். நாமோ அதன் நூலகத்தைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றோம்.

1838-ஆம் ஆண்டில் இதனைத் தாபித்தவர் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார். கற்பிக்க வந்த அவர் தாமும் கற்றார். எம்மவர் பழமொழிகளைத் திரட்டி நூலாக்கினார். விவிலியத்தைத் தமிழாக்குகையில் ஆறுமுக நாவலரின் துணையைப் பெற்றார். நூற்பற்றுடையார் ஒருவர் கையாற் பிறந்த இக்கலாசாலை, 1916-இல் மார்ஷல் ஹாட்லி என்பாரின் பெயரைப் பெற்றது. 1960-இல் அரசாங்கத்தின் பொறுப்பிற்கு மாறிற்று. இங்கே பயின்ற எலியேசர், கேம்பிரிட்ஜ் சென்று டிராக் என்னும் பேரறிஞரிடம் ஆராய்ச்சி செய்தார்.

1984-ஆம் ஆண்டிலே நூலகம் தீக்கிரையாயிற்று. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த நூல்கள் சாம்பராயின. பின்னர்ப் போரினால் மாணவரும் ஆசிரியரும் இடம்பெயர்ந்தனர். பெயர்ந்தவிடத்தும் கல்வி தொடர்ந்தது.

இடிந்த சுவரை ஓராண்டில் மீளக் கட்டலாம். அச்சில் இல்லாத நூலை எங்ஙனம் மீளப் பெறுவது? பழைய மாணவர் இல்லங்களின் அலுமாரிகளிலே அத்தகைய நூல்கள் இன்னும் உறங்குகின்றனவல்லவா? கட்டடத்துக்குப் பணம் திரட்டுவதில் நாம் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கை இதிலும் காட்டலாகாதா? ஊருக்கு வருந்தோறும் ஒவ்வொருவரும் ஒரு நூலேனும் கொணர்ந்து கொடுப்போமாக. பேர்சிவலார்க்கு நாம் பட்ட கடன் அங்ஙனமே தீரும்.