பிரெஸ்ட்விச்சிலிருந்து ஒரு கடிதம்: தீராத வழக்கு



மான்செஸ்டரின் இசைப் பெருமையாகப் பயண நூல்கள் அடுக்கும் குழுக்களுள் பல, சில ஆண்டுகள் சுடர்விட்டுப் பின் உடைந்துபோனவை. அவற்றுக்கு மாறாக, 1976-ல் தோன்றி, பாடகர் மார்க் ஈ. ஸ்மித் 2018 ஜனவரியில் மறையும் வரை நாற்பதாண்டுகளுக்கு மேல் இயங்கிய குழு ‘தி ஃபால்’. ஆல்பர் காம்யுவின் நாவல் ஒன்றிலிருந்து பெயரை எடுத்துக்கொண்ட இக்குழுவை ‘இண்டி ராக்’ என்னும் வகையில் வைப்பதும் உண்டு. பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் பணத்தையும் கட்டளையையும் நம்பாமல், 1970-களின் இறுதியில் பிரிட்டனில் முளைத்த சிறு நிறுவனங்களின் வழியே வெளிவந்த ராக் இசையே அவ்வாறு அழைக்கப்படுகிறது.

ஸ்மித் வளர்ந்து, வாழ்ந்து, இறந்த ஊரான பிரெஸ்ட்விச்சுக்கு, மான்செஸ்டரிலிருந்து பெரி நகரை நோக்கி வடக்கே ஓடும் மஞ்சள் டிராமில் விரைவாகச் சென்றுவிடலாம். ஊரில் பார்ப்பதற்கென்று இருப்பது, உருளைக்கிழங்கு வறுவல் விற்கும் கடை ஒன்றின் பக்கச் சுவரில் 2018-ல் ஆக்ஸ் என்னும் ஓவியர் தீட்டிய ஸ்மித்தின் பெரிய முகம் மட்டுமே. பெய்கிறதா நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாத இவ்வூர் மழையில் அதன் முன் நெடுநேரம் நிற்க இயலாமல், இக்கடிதத்தை எழுதும் பயணி அருகிலிருந்த பப் ஒன்றில் ஒதுங்க நேர்ந்தது. இக்கடிதத்தின் எஞ்சிய பகுதி பெரும்பாலும் அங்கே கேட்ட வழக்கைப் பற்றியதே.

முதலில் உணவைப் பற்றிய குறையைச் சொல்லிவிடுவது நல்லது. வறுத்த உருளைக்கிழங்கின் மீது வினிகரை ஊற்றி, மொறுமொறுப்பு முழுவதையும் அழித்து, பச்சைப் பட்டாணிக் கூழை அருகில் வைத்து உண்ணும் இவ்வூர் வழக்கத்திற்கு எந்த நியாயமும் கற்பிக்க முடியாது. மிளகாய்ப்பொடி கேட்டவருக்குக் கிடைத்தது இரக்கம் கலந்த புன்னகை. ஆயினும் பக்கத்து மேசையில் அமர்ந்திருந்த மூவரின் உரையாடல் அவ்வுணவை மறக்கச் செய்தது. அறுபதைக் கடந்த ஒருவர், ஐம்பதுகளில் இருந்த ஒரு பெண்மணி, முப்பதைத் தொடாத ஓர் இளைஞர் ஆகிய மூவரும், தி ஃபால் எத்தனை ஆல்பங்களை வெளியிட்டது என்னும் கேள்வியில் தொடங்கி, அக்கேள்வியிலேயே ஒரு மணி நேரத்தைக் கழித்தனர்.

எண்ணிக்கை முப்பதைத் தாண்டும் என்பதில் அவர்களுக்குள் வேறுபாடில்லை. சிக்கல், 1981-ல் வந்த ‘ஸ்லேட்ஸ்’ போன்றவற்றைக் கணக்கில் சேர்ப்பதா என்பதில் இருந்தது: ஆறு பாடல்கள் கொண்ட அந்தப் பத்து அங்குலத் தட்டு, தனிப்பாடல் பட்டியலுக்கு நீளம் மிகுந்ததாகவும் ஆல்பப் பட்டியலுக்கு நீளம் குறைந்ததாகவும் கருதப்பட்டு, இரண்டிலும் இடம்பெறத் தகுதியற்றுப் போனது. முதியவரோ அதுவே குழுவின் சிறந்த ஆல்பம் என்றார். அதற்கு அடுத்து அவர் வைத்தது ‘ஹெக்ஸ் எண்டக்ஷன் அவர்’ (1982). ஒரு பகுதி ஐஸ்லாந்திலும் மறுபகுதி ஹிச்சின் நகரின் மூடிக்கிடந்த திரையரங்கிலும் பதிவான அத்தட்டில், இரண்டு டிரம்ஸ் கலைஞர்களும், ஸ்டீவ் ஹான்லியின் பேஸ் கிட்டாரும் ஒரே தாளக்கட்டை விடாப்பிடியாகச் சுற்றிவர, அதன்மேல் ஸ்மித் பாடுவதாகவும் திட்டுவதாகவும் சொல்ல முடியாத குரலில் பேசிச் செல்கிறார். ஒன்றையே திரும்பத் திரும்ப இசைப்பது வறுமையன்று, அது கொள்கை என்பது அவருடைய வாதம். 1978-ல் வந்த முதல் வெளியீட்டிலேயே அக்கொள்கையைப் புகழும் பாடல் ஒன்று உண்டு.

பெண்மணிக்கு இது ஆண்களின் பழம்பெருமை. ஸ்மித்தை மணந்து 1983-ல் குழுவில் சேர்ந்த அமெரிக்கக் கிட்டார் கலைஞர் பிரிக்ஸ் கொண்டுவந்த மெட்டு இல்லையென்றால் தி ஃபால் மறக்கப்பட்டிருக்கும் என்றும், 1988-ல் மைக்கேல் கிளார்க்கின் பாலே நடனத்திற்கு மேடையிலேயே வாசித்த துணிச்சல் அக்காலத்திற்கே உரியது என்றும் அவர் அடித்துச் சொன்னார். இளைஞரோ அவ்விருவரையும் மறுத்தார்: அறுபதுக்கும் மேற்பட்டோரைச் சேர்த்தும் நீக்கியும் பெயர் வாங்கிய அக்குழு, இறுதிப் பத்தாண்டில்தான் பெருமளவு அதே கலைஞர்களோடு நிலைத்திருந்தது என்பதையும், அக்காலத் தட்டுகளை இவர்கள் கேட்கவே இல்லை என்பதையும் எடுத்துக்காட்டினார். முதியவர் கடைசி ஆயுதமாகப் ‘பீல் செஷன்’களை எடுத்தார். வானொலி அறிவிப்பாளர் ஜான் பீலின் பிபிசி நிகழ்ச்சிக்காக ஒரு குழு சில பாடல்களை விரைவாகப் பதிவுசெய்து தருவதற்கு அப்பெயர். 1978 முதல் 2004 வரை தி ஃபால் அவ்வாறு 24 முறை பதிவுசெய்தது. ஆல்பங்களை விட்டு இவற்றைக் கேட்டாலே போதும் என்றார் அவர்.

இக்கடிதத்தைப் பெறும் நண்பரின் கடையில் மாலைதோறும் நடக்கும், இசையமைப்பாளர் இணை விஸ்வநாதன்–ராமமூர்த்தியைப் பற்றிய வழக்கு, அவர்கள் பிரிந்த 1965-க்கு முன்னா பின்னா என்பது, பயணியின் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. ஆனால் அங்கே எழுவது எது சிறந்தது என்னும் கேள்வி. இங்கே அதற்கு அடியில் எது தி ஃபால் என்னும் கேள்வி கிடக்கிறது. தாமும் கேட்பவரின் பாட்டியும் ஒரு ஜோடி பாங்கோவுமாக மேடையேறினாலும் அது தி ஃபால்தான் என்று வேடிக்கையாகச் சொன்னவர் ஸ்மித். அவ்வாறாயின் ஒருவரின் விருப்பமே குழு என்றாகிறது. எனினும் பத்தொன்பது ஆண்டுகள் வாசித்த ஹான்லியின் பேஸை நீக்கிவிட்டால் முதியவரின் தி ஃபாலில் என்ன எஞ்சும் என்பதற்கு அக்கூற்றில் விடையில்லை. விலகியோரைத் தேடிச் சென்று டேவ் சிம்ப்சன் என்னும் பத்திரிகையாளர் 2008-ல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார் என்றால், நீக்கப்பட்டோரும் அவ்விசையின் பங்காளிகளே என்னும் எண்ணம் ரசிகர்களிடம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது என்பது விளங்கும்.

இவ்வளவு பிணக்கிலும் மூவரும் ஒன்றுபட்ட இடம் ஒன்று இருந்தது. ஸ்மித்தின் மறைவுக்குப் பின், கடைசிக் கலைஞர்கள் ‘இம்பீரியல் வாக்ஸ்’ என்றும், பழைய கலைஞர் சிலர் ‘ஹவுஸ் ஆஃப் ஆல்’ என்றும் வேறு பெயர்களிலேயே இசைக்கின்றனர். அதுவே முறை என்று மூவரும் தலையசைத்தனர். எல்லாரையும் மாற்றலாம், ஒருவரை மட்டும் மாற்ற முடியாது என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு, அவ்வொருவரால் மட்டும் அவ்விசை உண்டாகவில்லை என்பதை ஒரு மணி நேரம் அவர்களே நிறுவிவிட்டார்கள் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பயணியின் வாக்கு முதியவருக்கே. நண்பர் ‘ஹெக்ஸ்’ தட்டைத் தேடிக் கேட்டு, இரைச்சல் என்று இரண்டு நாள் ஒதுக்கிவைத்து, பின் மீண்டும் கேட்க வேண்டும் என்பது பரிந்துரை. எனினும் பிறர் மதிக்காத தட்டையே விரும்பிப் பரிந்து பேசும் நண்பரின் சுபாவத்தை எண்ணினால், அடுத்த கடிதத்தில் அவர் அந்த இளைஞரின் கட்சியில் சேர்ந்திருப்பார் என்றே தோன்றுகிறது.