யாரு கிண்டின சட்டி?

சமையல் நிகழ்ச்சிகளில் அமெரிக்காவை ஊர் ஊராகப் பிரித்துக் காட்டுகிறார்கள். லூசியானா என்றால் கம்போ குழம்பு, தென் கரோலினா என்றால் தக்காளி போட்ட சிவப்புச் சோறு. ஊர்ப் பேர் வருகிறது. சட்டியைக் கிண்டினவர் பேர் பெரும்பாலும் வருவதில்லை.

கம்போ என்ற சொல்லே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. கரோலினாவில் சேற்றில் இறங்கி நெல் விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். பன்றியின் நல்ல கறி ஆண்டை வீட்டுக்கு, குடல் இவர்களுக்கு. அந்தக் குடல்தான் இன்று 'சிட்லின்ஸ்'.

எங்க வீட்டுலயும் குடல் கறிதான் விசேஷம். மஞ்சளும் உப்பும் போட்டுத் தேய்ச்சு, நாலு தண்ணி மாத்தி அலசுவாங்க அம்மா. திரையில் ஒரு கறுப்பினப் பெண் சிட்லின்ஸ் அலசியபோது, அடுத்து அவர் கை எங்கே போகும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

புகழ்பெற்ற ஜூலியா சைல்டின் நிகழ்ச்சி தொடங்கியது 1963இல். அதற்கு 14 வருஷம் முன்பே, 1949இல், நியூ ஆர்லியன்ஸ் தொலைக்காட்சியில் லேனா ரிச்சர்டு என்ற கறுப்பினப் பெண் சமைத்துக் காட்டினார். வெள்ளையர் உணவகத்தில் கறுப்பர் உட்கார முடியாத காலம் அது. 1939இல் தன் சமையல் புத்தகத்தைத் தானே அச்சிட்டவர், 1950இல் இறந்துபோனார். எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

2021இல் வந்த 'ஹை ஆன் தி ஹாக்' தொடர் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்தே கதையைத் தொடங்குகிறது. அதுதான் சரி. ஊருக்கு ஊர் ருசி மாறுதுன்னு மெச்சுறவங்க, யாரு உழுதா, யாரு அடுப்புல வெந்தா, யாருக்கு மிச்சம் கெடச்சதுன்னும் சேத்துச் சொல்லணும்.