காம்புக் குழியில் ஒரு சொட்டு

சித்திரை வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டுமென்று காலை ஏழு மணிக்கே வல்லக்கோட்டையில் இறங்கிவிட்டேன். ஊறுகாய் போட்டு விற்கும் அக்கா வீட்டில் அதற்குள் மாங்காயைக் கழுவி முடித்திருந்தார்கள். நாற்பது கிலோ. தகர ஷெட் போட்ட வாசலில் நான்கு பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு காயாகப் பழைய வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு துணியை எடுத்தேன். பத்துக் காய் துடைத்திருப்பேன். அக்கா அதில் ஒன்றை எடுத்து, காம்புக் குழியில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். விரல் நுனி மின்னியது.

"இங்க நிக்குது பாரு கண்ணு தண்ணி. இந்தச் சொட்டு போதும், ஜாடியே போயிடும்."

போன வருஷம் நான் போட்ட ஊறுகாய் பத்தே நாளில் பூஞ்சை பூத்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. உடம்புக்கு நல்லதென்று நினைத்து உப்பையும் குறைத்திருந்தேன். இங்கே கிலோவுக்கு 200 கிராம் கல் உப்பு. கொஞ்சம் குறைக்கலாமா என்று யார் கேட்டாலும் அக்கா மசிவதில்லை. காயில் இருக்கும் நீரை உப்புதான் வெளியே இழுக்கிறது. அந்த உப்புநீரில், அதுவும் மாங்காயின் புளிப்போடு சேர்ந்த உப்புநீரில், காயைக் கெடுக்கும் கிருமிகளால் பிழைக்க முடிவதில்லை.

நறுக்கிய துண்டுகளில் உப்பும் மஞ்சளும் போட்டுக் குலுக்கி, பீங்கான் ஜாடியில் நிரப்பி, வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டினார்கள். மூடி போட்டால் என்ன என்று கேட்டேன். மூடியின் அடியில் ஆவி வேர்த்து உள்ளேயே சொட்டுமாம். துணியென்றால் ஆவி போய்விடும், ஈயும் இறங்காது. மூன்று நாள் தினமும் குலுக்க வேண்டும். பிறகு துண்டுகளை வெயிலில் காயவைத்து, சாயங்காலம் அதே உப்புநீரில் திரும்பப் போட வேண்டும். மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெய் எல்லாம் அதற்கப்புறம்தான்.

வாங்குகிறவர்களில் பாதிப் பேர் தொழிற்சாலை விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்கள். 2021 டிசம்பரில் இந்த வட்டாரத்தில் விடுதிச் சாப்பாட்டால் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனதும், உடன் வேலை செய்தவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலுக்கு உட்கார்ந்ததும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. அந்தப் பெண்களின் தட்டுக்குப் போகிற பண்டம் என்பதால்தான் காம்புக் குழிவரை விரல் போகிறது என்று நினைக்கிறேன்.

எட்டரை மணிக்கு, நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் நேரே இங்கே வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. கீரைக் கடைசலைப் பாட்டிலில் அடைத்து, கொதிக்கும் தண்ணீரில் வைத்து எடுத்தால் ஒரு மாதம் தாங்குமாமே, போனில் பார்த்தேன் என்றாள்.

"வேணாம் பாப்பா. புளிப்பில்லாதத அடைச்சு வெக்காத."

அக்கா அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அது உயிர் காக்கும் சொல். கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் 100 டிகிரி கொதிநீரில் சாவதில்லை. ஆவியழுத்தத்தில் 121 டிகிரிவரை போனால்தான் அடங்கும். காற்றில்லாத பாட்டில்தான் அவற்றுக்குத் தோதான இடம். மணமும் நிறமும் மாறாமலே நஞ்சு ஊறியிருக்கலாம். புளிப்பு போதுமான அளவு இருந்தால், கணக்கில் சொன்னால் பி.எச். 4.6-க்குக் கீழே இருந்தால், அந்த வித்துகள் முளைப்பதில்லை. எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் பூண்டுக்கும் இதே ஆபத்து உண்டு. பூண்டு ஊறுகாயில் அக்கா புளியையும் எலுமிச்சையையும் தாராளமாகச் சேர்ப்பதைப் பிறகு கவனித்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாங்காயிலும் எலுமிச்சையிலும் தொடங்குவதே நல்லது.

அந்தப் பெண் போன வருஷத்து மாங்காய் ஊறுகாயில் அரைக் கிலோ பாட்டில் ஒன்று கேட்டாள்.

"ரூம்ல எத்தினி பேரு?"

"எட்டுப் பேருக்கா."

அக்கா பாட்டிலைத் திறந்து, பாதியை வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ஒரு சின்ன பாட்டிலுக்கு மாற்றினார். இரண்டிலும் துண்டுகள் முங்கும்வரை எண்ணெய் ஊற்றினார். ஒரு மரக்கரண்டியை முந்தானையில் துடைத்து, சின்ன பாட்டிலோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்.

"இது தீந்தப்புறம்தான் அதத் தொறக்கணும். கரண்டியச் சோத்துல வெக்காதீங்க, கழுவவும் கழுவாதீங்க. தொடச்சா போதும்."

அவள் துப்பட்டாவில் கையை அழுந்தத் துடைத்துவிட்டுத்தான் இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.