பெரிய கார்களின் ஊரில் ஒரு குட்டி கார்: மறைமலை நகரில் ஒரு ஞாயிறு

சென்னை கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில், காட்டாங்குளத்தூருக்கு அடுத்த நிறுத்தம் மறைமலை நகர். சென்னையின் நெரிசலைக் குறைக்க சி.எம்.டி.ஏ. உருவாக்கிய புதுநகரம். ஊருக்குப் பெயர் தந்தவர் தனித்தமிழ் இயக்கத்தின் மறைமலை அடிகள். வேதாசலம் என்ற தன் பெயரில் ‘வேத’த்தை மறையாகவும் ‘அசல’த்தை மலையாகவும் மாற்றிக்கொண்டவர். அவர் பெயர் கொண்ட ஊரின் டீக்கடையில் இன்று ஷிஃப்ட், லைன், ஓ.டி., கான்ட்ராக்ட் எனப் பாதிப் பேச்சு ஆங்கிலம்தான். அடிகள் மன்னிக்கட்டும், இந்தக் கட்டுரையும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கப்போகிறது.

காரணம், கார். 1995-ல் மஹிந்திராவுடன் கைகோத்து இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு, தொழிற்சாலைக்குத் தேர்ந்தெடுத்த இடம் இது. 1999-ல் ஐகான், 2010-ல் ஃபிகோ, 2013-ல் ஈகோஸ்போர்ட் என்று ஊரின் பெயர் கப்பலேறியது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது.

இப்போதும் இங்கே கார் ஓடுகிறது. நீளம் ஒன்றரை அடி. நான் தேடிப்போனது அதைத்தான்.

குடியிருப்புப் பகுதிக்குள் ஒரு சின்ன பூங்கா. அதன் ஓரத்தில் சிமென்ட் போட்ட ஷட்டில் கோர்ட். ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான்கு செருப்புகளையும் இரண்டு தண்ணீர் பாட்டில்களையும் வளைவுகளுக்கு அடையாளமாக வைத்து ‘ரேஸ் டிராக்’ தயார். ரிமோட் ஒரு பத்தாம் வகுப்பு மாணவியின் கையில். பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு அவள் அப்பா. ஒரகடத்தில் உதிரிபாக நிறுவனம் ஒன்றில் தரப் பரிசோதகர். பெயர், படம் வேண்டாம் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. “காரை வேணும்னா எடுத்துக்கங்க தம்பி, அது ஒண்ணும் சொல்லாது.”

கார், ஜப்பானின் டாமியா நிறுவனத்தின் டிடி-02. நிஜ காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. ஒரே மோட்டார், நடுவே ஓடும் ஒரு ஷாஃப்ட், நான்கு சக்கரமும் இழுக்கும். பெட்டியில் கார் இருக்காது, பாகங்கள்தான் இருக்கும். நாமே பூட்ட வேண்டும். ரிமோட் கார்களில் இந்த நிறுவனத்தின் தொடக்கமே ஒரு நல்ல கதை. 1976-ல் போர்ஷே 934 மாடலை உருவாக்கியபோது, அமைப்பைச் சரியாகப் புரிந்துகொள்ள ஒரு நிஜ போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். பொம்மைக்காக!

இவர்கள் வீட்டுக்கு இந்தக் கார் வந்தது வெளிநாட்டில் இருக்கும் மாமாவின் பரிசாக. வந்த நேரம்தான் சரியில்லை. அப்பா அப்போது வேலைபார்த்த சின்ன கம்பெனிக்கு, ஊரில் கார் உற்பத்தி நின்றதும் ஆர்டர் குறைந்தது. 2022-ல் சில மாதங்கள் அவர் வீட்டில் இருந்தார். ஆறாம் வகுப்பு முடித்திருந்த மகள் கேட்டது ஒன்றே ஒன்று: “வேகமான மோட்டார் வேணும்ப்பா.”

“வாங்கித்தர காசில்ல. அதைச் சொல்லவும் மனசில்ல. அதனால, ‘முதல்ல இருக்கறதை ஒழுங்கா ஓடவைப்போம்’னு சொன்னேன். சமாளிக்கச் சொன்ன வார்த்தை தம்பி அது. ஆனா தொழில்ல அதுதான் சரியான வரிசையும்கூட.”

ஆரம்பநிலை ரிமோட் கார் வாங்கும் பெரும்பாலானோர் முதலில் மாற்றுவது மோட்டாரைத்தான். இந்த வீட்டில் முதலில் மாறியது பேரிங். அடிப்படை கிட்டில் சக்கரமும் ஷாஃப்டும் சுழலும் இடங்களில் வெறும் புஷ்தான் வரும். புஷ் உரசும், தூசி சேர்ந்தால் இன்னும் உரசும், மோட்டாரின் சக்தியைக் கொஞ்சம் தின்றுவிடும். அந்த இடங்களில் பால் பேரிங் போட்டால் அதே மோட்டார், அதே பேட்டரியில் கார் லேசாகிவிடும். இதற்கு வெளிநாட்டு பார்சலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உள்விட்டம் 5, வெளிவிட்டம் 11, தடிமன் 4 மில்லிமீட்டர் என்றால் பேரிங் கடைக்காரருக்கு அது எம்.ஆர். 115. 10, 15, 4 என்றால் 6700. அப்பா வெர்னியரில் அளந்து, எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போய் நான்கைந்தாக வாங்கிவந்திருக்கிறார். எல்லா இடத்துக்கும் மாற்றி முடிக்க மூன்று மாதம் ஆனதாம்.

அடுத்தது கியர். இது செலவு குறைவு, கணக்கு அதிகம். மோட்டார் முனையில் உள்ள சின்ன கியர் பினியன், 22 பல். அது சுற்றும் பெரிய கியர் ஸ்பர், 70 பல். உள்ளே இன்னொரு 2.6 மடங்கு குறைப்பு. 70-ஐ 22-ஆல் வகுத்து 2.6-ஆல் பெருக்கினால் 8.27. மோட்டார் எட்டேகால் சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. மோட்டார் நிமிடத்துக்கு 15,000 சுற்று, சக்கரத்தின் சுற்றளவு 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் வேகம் மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். பினியனை 25 பல்லாக்கினால் விகிதம் 7.28, வேகம் 25-ஐத் தொடும். இதை அவள் எனக்கு நோட்டில் போட்டுக் காட்டினாள். “ஏழாவதுல விகிதம் பாடம் நடத்துறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்ண்ணா!”

வேகம் சும்மா கிடைக்காது. பினியன் பெரிதானால் மோட்டார் அதிகம் திணறும், சூடாகும். ஐந்து நிமிடம் ஓட்டியபின் மோட்டாரை மெல்லத் தொட்டுப் பாருங்கள். விரலைச் சில நொடிகள்கூட வைக்க முடியாவிட்டால் பல்லைக் குறைக்க வேண்டும். இந்தக் கோர்ட்டில் 25 பல் தோற்றுவிட்டது. நேராகப் போகும் தூரம் இங்கே குறைவு. வேகம் ஏறுவதற்குள் செருப்பு வந்துவிடுகிறது. இப்போது ஓடுவது 23.

எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் ஷாக் அப்சர்பர். கிட்டோடு வருவது உரசலில் இயங்கும் எளிய வகை. பள்ளத்தில் விழுந்தால் கார் தவளைபோலக் குதிக்கும். எண்ணெய் நிரப்பிய வகைக்கு மாறியபிறகு கதையே வேறு. உள்ளே ஓட்டைகள் உள்ள ஒரு சின்ன பிஸ்டன், சிலிகான் எண்ணெயில் மேலும் கீழும் நகரும். எண்ணெய் கெட்டியாக இருந்தால் மெதுவாக, நீர்த்திருந்தால் வேகமாக. வழவழப்பான தரையில் கெட்டி எண்ணெய் சரி. இந்தக் கோர்ட்டில் இரண்டு விரிசல், ஒரு மேடு. அதனால் நீர்த்த எண்ணெய். எண்ணெயில் ஒரு காற்றுக்குமிழி மாட்டினால்கூட நான்கு ஷாக்கும் நான்கு விதமாக வேலை செய்யும். குமிழி மேலே வரும்வரை நிமிர்த்திவைத்துவிட்டு இருவரும் சாப்பிடப் போய்விடுவார்களாம்.

நான் பார்த்த அன்று வேறு பிரச்னை. செருப்பைச் சுற்றும்போது பின்பக்கம் வழுக்கி, கார் பம்பரமாகச் சுழன்றது. நானாக இருந்தால் டயர், ஸ்பிரிங், கோணம் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றியிருப்பேன். அவள் ரிமோட்டை வைத்துவிட்டு நோட்டை எடுத்தாள். முதலில் டயரை ஈரத்துணியால் துடைத்து ஓட்டினாள். இங்கே செம்மண் தூசி அதிகம். கொஞ்சம் தேவலை, ஆனாலும் சுழன்றது. பிறகு முன்பக்கம் மட்டும் சற்று விறைப்பான ஸ்பிரிங். முன்சக்கரத்தின் பிடிப்பு கொஞ்சம் குறைய, முன்னும் பின்னும் சமனாகி, கார் வளைந்து போனது. ஐந்து சுற்று, ஐந்து நேரம், சராசரி. எல்லாம் நோட்டில்.

“ரெண்டை ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது” என்றாள். எங்கே படித்தாய் என்றால் அப்பாவைக் கைகாட்டினாள். அவர் சிரித்தார். “லைன்ல ரிஜெக்ஷன் வந்தா நாங்க அப்படித்தான் தேடுவோம்.”

மோட்டார்? வாங்கியாகிவிட்டது, போன தீபாவளிக்கு. இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. நடு ஷாஃப்ட் பிளாஸ்டிக். அதை அலுமினியத்துக்கு மாற்றிய பிறகுதான் புது மோட்டார் என்பது மகளின் முடிவு. லித்தியம் பாலிமர் பேட்டரிக்கு மாறுவதை அம்மா இன்னும் அனுமதிக்கவில்லை. அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த பேட்டரிக்கென உள்ள சார்ஜரில்தான் அதை ஏற்ற வேண்டும், ஆளில்லாமல் சார்ஜில் விடக் கூடாது, உப்பினால் அன்றோடு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் இதை மட்டும் இருமுறை படியுங்கள்.

அம்மாவுக்கு வேறு கவலையும் உண்டு. மகள் பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறேன் என்கிறாள். “இவரு வீட்ல உக்காந்திருந்ததைப் பார்த்தவ நான். திரும்பவும் அதே தொழிலா தம்பி?” காபி டம்ளரைக் கொடுத்தபடியே கேட்டார். 2025 அக்டோபரில் ஃபோர்டு இதே ஊர் ஆலையில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் என்ஜின் தயாரிக்கப்போவதாக அறிவித்தது. உற்பத்தி தொடங்கும் ஆண்டு 2029. 2026-ல் டிப்ளமோ சேர்ந்தால் படிப்பு முடிவதும் அதே 2029. மகள் இந்தக் கணக்கையும் போட்டுவைத்திருக்கிறாள். அப்பா இதில் வாயைத் திறக்கவில்லை. டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

மதியம் மூவரும் அவரது பழைய வேனில் கிளம்பினோம். சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுத் திரும்பினால் ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை. டீக்கடை, ஏரி, பிறகு திடீரென்று கண்ணுக்கெட்டியவரை மதில்சுவர். பாரத் பென்ஸ் லாரி, ராயல் என்ஃபீல்டு பைக், ரெனோ கார், அப்போலோ டயர் என வழியெல்லாம் கேட்டுகள். ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. வண்டிகளை ஓட்டிச் சோதிக்கும் தடங்களும், மோதவிட்டுப் பார்க்கும் கூடமும் அதற்குள். வெளியிலிருந்து சுவரைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இன்னும் போனால் இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் ஆலை ஊரறிந்தது. அதே ஊரில்தான் 1990-ல் திறந்த, 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக்கும் இருக்கிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் விட்டுக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தனக்கென அமைத்துக்கொண்ட தடம். நாங்கள் போன அன்று பந்தயம் இல்லை. முன்பு ஒருமுறை, பந்தயம் நடக்கும் வார இறுதியில் அப்பா அவளை இங்கே அழைத்துவந்திருக்கிறார்.

“காரையே பாக்கல தம்பி இவ. திரும்பித் திரும்பி மெக்கானிக்குங்களைத்தான் பாத்துட்டிருந்தா.”

“ஒருத்தர் ஒவ்வொரு டயரா காத்து செக் பண்ணி நோட்ல எழுதிட்டே இருந்தாருண்ணா” என்றாள் பின்சீட்டிலிருந்து. “எவ்வளவு எழுதினாருன்னு எட்டிப் பாத்தேன், மூடிட்டாரு.”