ஜன்னலுக்கு மக்கு

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நாள் வந்தால் தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த எங்கள் வீட்டில் முதலில் ஜன்னல்களைத்தான் பார்ப்பார்கள். சாரல் ஊறி அடிச்சட்டம் இற்றுப்போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மேலே பச்சைப் பெயிண்ட் மினுமினுவென்றுதான் இருக்கும். பெயிண்டர் தாத்தா உளி முனையை வைத்து லேசாக அழுத்துவார். பொதுக்கென்று உள்ளே இறங்கும்.

"மேலாப்புல பூசிட்டும் போகலாம் தம்பி. அடுத்த ஐப்பசிக்கு நிக்காது" என்பார் அப்பாவிடம்.

பிறகு சுரண்டல்தான். உளி பட்டால் டொக்கென்று கெட்டிச் சத்தம் கேட்கும்வரை விடமாட்டார். குழி பெரிதாகப் பெரிதாக அப்பாவின் முகம் சுருங்கும். நன்றாகக் காயவிட்டு, குழிக்குள்ளும் பிரைமர் தடவுவார். மூடப்போகும் குழிக்குப் பெயிண்ட் எதற்கு என்று கேட்டேன். வெறும் மரம், குழியை அடைக்கும் மக்கிலுள்ள எண்ணெயைக் குடித்துவிடும், எண்ணெய் இழந்த மக்கு உதிர்ந்துவிடும் என்றார்.

மக்கு பிசைவதைப் பார்க்கத்தான் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவருவேன். பலகையில் சாக்பவுடரைக் குவித்து, நடுவில் குழித்து, ஆளிவிதை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைவார். சப்பாத்தி மாவுப் பதம் வரவேண்டும்: விரலில் ஒட்டக்கூடாது, உருட்டினால் வெடிக்கக்கூடாது. ஆழமான குழியை ஒரே தடவையில் நிரப்பமாட்டார். மேல்பக்கம் இறுகி உள்ளே பச்சையாகவே நின்றுவிடுமாம். கடைசிப் பூச்சு மட்டும் மரத்தைவிடத் துளி மேடாக இருக்கும். அது காய்ந்தபின் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்ப்பார். கண்ணை நம்பவே மாட்டார். கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார். மரம் எங்கே முடிந்தது, மக்கு எங்கே தொடங்கியது என்று விரலுக்குத் தெரியக்கூடாது.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். கொடியில் விரித்துப் போடச் சொல்வார். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணியில் அது வெளியேற வழியின்றித் தானே தீப்பிடிக்கலாம் என்று நான் படித்தது வெகுநாள் கழித்து. அவர் படிக்காமலே அறிந்திருந்தார்.

இன்று மக்குக்குப் பதிலாக டப்பாவில் வரும் மரப்பட்டி சீக்கிரமே இறுகிவிடுகிறது, நல்லதுதான். ஆனால் இற்ற மரத்தின்மேல் எதை அப்பினாலும் பெயர்ந்துவிடும். பெயிண்ட் டப்பாவைத் திறக்குமுன் உங்கள் ஜன்னல் அடிச்சட்டத்தை ஒரு ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். இறங்கினால், கெட்டி மரம் தட்டுப்படும்வரை சுரண்டிவிட்டு, காயவிட்டுப் பிறகு பட்டி வையுங்கள்.